வண்டி என்றால் எந்த வண்டி

எங்கள் மூவருக்குள் நடந்த சண்டைகளில் முக்கால்வாசிக்கு ஒரே ஒரு சொல்தான் காரணம். வண்டி. எங்கள் பக்கத்தில் சக்கரம் வைத்த எதுவும் வண்டிதான். மாடு கட்டி இழுத்தாலும் வண்டி, டீசல் ஊற்றி ஓட்டினாலும் வண்டி, தண்டவாளத்தில் போனாலும் வண்டி. கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு; இரண்டு பக்கமும் இந்தச் சொல் ஒன்றேதான். மலையாளத்தில் பேசினாலும் அதுவேதான். இப்படிப்பட்ட சொல்லுக்கு ஒருவர் வேலி போட வந்தால் சண்டை வராமல் என்ன செய்யும்?

நான் முதலமடைப் பக்கம் மாந்தோப்பும் கொஞ்சம் தென்னையும் பார்ப்பவள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போய்விடும் என்று நான் சொல்வேன், போகாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். மகள் சின்னவளாக இருந்தபோது அவளுக்கென்று வாங்கிய ரயில் செட்டை அவள் ஒரே வாரத்தில் மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை. அவள் படித்து, கல்யாணமாகி, பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தாள். ரயில் என்னோடு தங்கிவிட்டது. தண்டவாளம் மட்டும் வருடா வருடம் நீண்டுகொண்டே போகிறது. அந்தப் பணத்துக்கு ஒரு சங்கிலி வாங்கியிருக்கலாம் என்று என் நாத்தனார் இன்றுவரை சொல்கிறாள். சங்கிலி ஓடுமா என்று நானும் இன்றுவரை கேட்கிறேன்.

மற்ற இரண்டு பேரை நான் கோயம்புத்தூரில் ஒரு கடையில்தான் பிடித்தேன். வளைவுத் தண்டவாளம் ஒரே ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. அதை எடுக்க மூன்று கைகள் ஒரே நேரத்தில் நீண்டன. ஒரு கை கல்பாத்தித் தெருவில் குடியிருப்பவருடையது. ரயில்வேயில் டைம்டேபிள் போடும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பேசும்போது கூட எங்கே நிற்க வேண்டும், எத்தனை நொடி நிற்க வேண்டும் என்று தெரிந்து பேசுவார். இன்னொரு கை மூணாறு பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருக்கும் தம்பியுடையது. நாற்பது வயது, எந்த மெஷினைக் கண்டாலும் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம். கடைக்காரருக்குப் பொறுமை போவதற்குள் மூன்று பேரும் அந்தப் பெட்டியைப் பங்கு போட்டுக்கொண்டு வெளியே வந்து காபி குடித்தோம். அன்றிலிருந்து கூட்டு.

இரண்டாம் சனிக்கிழமை எங்கள் தோட்டத்துக் கொப்பரை அறையில் கூடுவோம். தேங்காய் விலை பார்த்துக் கொப்பரை போடுவதை நிறுத்தியதிலிருந்து அந்த அறை சும்மா கிடந்தது. இப்போது அதில் பதினெட்டு அடிக்கு ஒரு பலகை மேசை. கல்பாத்திக்காரர் பாலக்காட்டிலிருந்து பஸ் ஏறி, கடைசித் தூரத்துக்கு ஆட்டோவில் வருவார். தம்பி வெள்ளிக்கிழமையே மலையிறங்கிப் பொள்ளாச்சியில் அவன் அக்கா வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் கோபாலபுரம் வழியாக வந்து சேர்வான். வந்ததும் ரயில் பேச்சு தொடங்கும். கால் மணி நேரத்தில் அது எங்கள் லாரிப் பேச்சாக மாறிவிடும்.

மாறாமல் என்ன செய்யும், அந்த லாரியின் லட்சணம் அப்படி. மூன்று கை மாறி எங்களிடம் வந்தது. செல்ஃப் எடுக்காது, அதனால் எப்போதும் சரிவாகப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். மூன்றாவது கியர் தானாகக் கழன்றுவிடும் என்று என் வீட்டுக்காரர் அதை முழங்காலால் முட்டுக் கொடுத்தபடிதான் ஓட்டுவார். இடது கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். வலது பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கும், நேராக்கும்வரை நிற்காது. செக்போஸ்டுக் காவலர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டே தடுப்பைத் தூக்கிவிடுவார்கள், நடுவில் நின்றுவிட்டால் தள்ள வேண்டியவர்கள் அவர்கள்தானே. தம்பிக்கு இந்தக் கதைகளைக் கேட்டால் பசியெடுக்காது. எந்த நேரத்தில் என்ன சத்தம் வந்தது, புகை கறுப்பா வெளுப்பா என்று மேசையில் குனிந்து தண்டவாளம் துடைத்தபடியே விசாரிப்பான். நான் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். கல்பாத்திக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். அது அவர் பொறுமையின் எல்லை.

அவருக்கு அந்த லாரியோடு ஒரு பழைய பகை உண்டு. முதல் வருடம், மழை நாளில் ஆட்டோ கிடைக்காமல் ஒரே ஒரு முறை அதில் ஏறினார். வழியில் ரயில்வே கேட்டில், சரியாகத் தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது. கேட்கீப்பரால் கேட்டைப் போட முடியவில்லை. நாங்கள் எல்லோரும் இறங்கித் தள்ளி அப்புறப்படுத்துவதற்குள் பொள்ளாச்சி ரயில் சிக்னலில் நான்கு நிமிடம் நின்று போனது. வாழ்நாள் முழுவதும் ரயில்களை நேரத்துக்கு ஓட வைத்த மனிதர், வேட்டி முழங்காலுக்கு மேல் ஏற, சேற்றில் நின்றுகொண்டு, தன்னால் தாமதமான ரயில் தன்னைக் கடந்து போவதைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

அதற்குப் பிறகுதான் அவர் அந்தச் சட்டத்தைப் போட்டார். இந்த அறைக்குள் வண்டி என்றால் ரயில். அந்தப் பொருளைச் சொல்ல வேண்டுமென்றால் லாரி என்றே சொல்ல வேண்டும். வாயால் சொன்னாலும் சரி, வாட்ஸாப்பில் எழுதினாலும் சரி. நானும் தம்பியும் தலையாட்டினோம். ஆனால் பிறந்தது முதல் வந்த நாக்கு ஒரு மனிதருக்காகத் திரும்புமா? மாதத்தில் பத்து முறையாவது அவரிடமிருந்து ‘லாரி என்று எழுதவும்’ என்று ஒரு வரி வரும்.

நான் சொல்ல வந்தது மலையைப் பற்றி. எங்கள் மேசையில் சமதளம் முழுவதும் கல்பாத்திக்காரரின் வேலை. நெல்வயல், பனைகள், ஒரு சின்ன ஸ்டேஷன், எல்லாம் அளந்து வைத்தது மாதிரி இருக்கும். சிக்னல்களுக்கு ஒயர் இழுத்தது தம்பி. மேசையின் கிழக்குக் கோடியில் இருக்கும் மலை என்னுடையது. இரண்டு வருடம் அதில் மல்லுக்கட்டினேன். தெர்மோகோலை அறுத்து, செய்தித்தாளைப் பசையில் ஊறவைத்து ஒட்டி, ஐந்து வளைவுகளும் ஒரு குகையுமாக ஏற்றினேன். தென்னை நார்த்தூளுக்குப் பச்சைச் சாயம் போட்டுத் தேயிலைத் தோட்டம் நட்டேன். வரிசை இவ்வளவு நேராக இருந்தால் கொழுந்து பறிப்பவள் எப்படி நடப்பாள் என்று தம்பி சிரித்தான். முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி நட்டேன். யாராவது உன் வாழ்க்கையில் நீயாகச் செய்தது என்ன என்று கேட்டால், மாமரங்களைக் காட்ட மாட்டேன், அவை மாமனார் வைத்தவை. இந்த மலையைத்தான் காட்டுவேன்.

பாலக்காட்டில் ஒரு வாயனசாலை, அதாவது நூலகம், சித்திரை விடுமுறையில் பொழுதுபோக்குக் கண்காட்சி வைப்பதாகவும் எங்கள் ரயிலைக் காட்டலாம் என்றும் கல்பாத்திக்காரர் சேதி கொண்டுவந்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாத்தனாரிலிருந்து பால்காரர் வரை எல்லோரிடமும் சொல்லி முடித்தேன். பிறகுதான் ஒரு காரியம் உறைத்தது. எங்கள் டீசல் எஞ்சின் நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு சமதளத்தில் ராஜாவாக ஓடும். மலையில் மூன்றாவது வளைவு வந்ததும் நின்றுவிடும். இரண்டு பெட்டியைக் கழற்றினால் ஏறும். நான்கோடு ஏறாது. இரண்டு பெட்டியோடு ஓடுவது ரயிலே கிடையாது, அது ட்ராலி என்பது கல்பாத்திக்காரரின் தீர்ப்பு.

பங்குனி மாதக் கூட்டத்தில் அவர் கண்ணாடியைத் துடைத்து முடித்து, மெதுவாகச் சொன்னார்.

“மலை வேண்டாம். கீழே நன்னா ஓடறது, அதைக் காட்டினாப் போறும். நாலு பேர் பாக்கறச்சே பாதியிலே நின்னா நமக்காக்கும் மானக்கேடு, கேட்டேளா?”

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. என் மலையைக் கொப்பரை அறையில் தனியாக விட்டுவிட்டு இவருடைய நெல்வயல் மட்டும் டவுனுக்குப் போய்ப் பேர் வாங்குவதா? எனக்கு முகமெல்லாம் சூடேறியது. யோசிக்காமல் வாயை விட்டேன்.

“ஏனுங்க சார், அடுத்த ரெண்டாஞ் சனிக்குள்ள நாலு பெட்டியோட அது ஏறலீன்னா, நான் இந்த மேசைப் பக்கமே வரமாட்டனுங்க. எல்லாத்தையும் நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க.”

தம்பி கையில் இருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தான். கல்பாத்திக்காரர் என்னையே பார்த்தார். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது.

“சரி. ஏறித்துன்னா, கண்காட்சி முடிஞ்சு உங்க லாரியிலே ஏறிக் கல்பாத்திக்கு வரேன். தெரு மொத்தமும் பாக்கட்டும்.”

அவர் போன பிறகு அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். சும்மா ஒரு பொழுதுபோக்கு என்று மற்றவர்கள் சொல்லலாம். தோட்டத்தில் உரம், தண்ணீர், ஆள் கூலி என்று நாள் முழுக்க மற்றவர்களுக்காக ஓடிவிட்டு, எனக்கென்று வந்து நிற்க ஓர் இடம் அந்த மேசைதான். அதை ஒரு கோபத்தில் பந்தயம் வைத்துவிட்டேன். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கிடையாது, எனக்குச் சுத்தமாகக் கிடையாது.

நான்கு வாரம் இருந்தது. தண்டவாளத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். சக்கரங்களைப் பஞ்சால் துடைத்தேன். தூண்டிலுக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை வாங்கிவந்து எஞ்சினின் வயிற்றில் வைத்து அடைத்தேன். மூன்றாவது வளைவைப் பிரித்து இன்னும் அகலமாகப் போட்டேன். பெட்டிகளின் அச்சுக்கு ஊசி முனையில் எண்ணெய் விட்டேன். எதற்கும் அசையவில்லை. அந்த வளைவு வந்ததும் சக்கரம் சுழலும், எஞ்சின் மூக்கை லேசாகத் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்கும். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, நம்ம வண்டியாட்டவே இருக்குதே என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவருக்கு நான் சாப்பாடு போட்ட விதத்தை இங்கே எழுத வேண்டாம்.

கெடுவுக்கு முந்தின வாரம் மாங்காய் இறங்கத் தொடங்கிவிட்டது. வியாழக்கிழமை மூணாறுக் கடைகளுக்கு ஒரு லோடு போக வேண்டும். செவ்வாய்க்கிழமையே குழுவில், ‘வியாழன் வண்டி மேல வருது, தம்பி ஊட்டுக்கு ஒரு பெட்டி பழம் குடுத்துடறோம்’ என்று எழுதியிருந்தேன். ‘லாரி என்று எழுதவும்’ என்று உடனே வந்தது. வியாழன் விடியற்காலையில் என் வீட்டுக்காரர் பெட்டி பெட்டியாக மாம்பழம் ஏற்றிக்கொண்டு, சரிவில் உருட்டி லாரியைக் கிளப்பி, உடுமலை வழியாக மறையூர் ரோட்டைப் பிடிக்கப் போனார். நான் கூலி ஆட்களை மரத்துக்கு அனுப்பிவிட்டுக் கொப்பரை அறைக்குப் போனேன்.

பத்து மணி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். பதினேழு முறை நின்றது. பொறுமை போய், போனை எடுத்துத் தம்பிக்குத் தனியாக எழுதினேன். குழுவில் எழுதினால் கல்பாத்திக்காரர் பார்த்துவிடுவாரே. எழுதியது இதுதான்: ‘தம்பி, வண்டி மேடு ஏறல. மூணாவது வளைவுல நிக்குது. பெட்டிய எறக்குனா ஏறுது, முழுசா வெச்சா நிக்குது. ஒண்ணும் புரியல.’

ஐந்து நிமிடத்தில் அவன் குரல் பதிவு வந்தது. பின்னால் ஃபேக்டரி மெஷின் சத்தம்.

“அக்கா, பதறாதீக. பெட்டிய எறக்க வேணாம். வண்டிய அப்படியே திருப்பி, மூஞ்சி கீழ பாக்குற மாதிரி வச்சு, ரிவர்ஸ்லயே ஏத்துங்க. ஏறிரும், நான் சொல்றேம்ல.”

நான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். எஞ்சினைத் திருப்புவதா? எஞ்சினின் முகம் எப்போதும் முன்னால் இருக்க வேண்டும் என்று கல்பாத்திக்காரர் முதல் நாளிலேயே சொல்லியிருந்தார். ஐந்து வருடத்தில் ஒரு முறை கூட அதைத் திருப்பி வைத்தது கிடையாது, தோன்றியதும் கிடையாது. ஆனால் தம்பி மெஷின் விஷயத்தில் சும்மா ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். எஞ்சினைக் கழற்றி, முதுகு மலையைப் பார்க்கத் திருப்பி, நான்கு பெட்டிகளையும் கோத்துவிட்டு, கரண்ட்டைக் கொடுத்தேன்.

முதல் வளைவு போனது. இரண்டாவது போனது. மூன்றாவது வந்தது. கொஞ்சம் தயங்கியது, சக்கரம் பிடித்தது, போய்விட்டது. குகைக்குள் நுழைந்தது, நான்கு பெட்டிகளும் ஒவ்வொன்றாக நுழைந்தன, அந்தப் பக்கம் வெளியே வந்து ஐந்தாவது வளைவையும் தாண்டித் தேயிலைக்கு நடுவே உச்சியில் போய் நின்றது. நான் சத்தம் போட்டதில் மரத்தில் இருந்த ஆட்கள் பாம்பு என்று நினைத்து இறங்கி ஓடிவந்தார்கள். அவர்கள் எல்லோரையும் நிற்க வைத்து இன்னொரு முறை ஏற்றிக் காட்டினேன். அப்புறம் எஞ்சினைக் கவிழ்த்துப் பார்த்தேன். மோட்டார் ஒரு கோடியில் இருக்கும் சக்கரங்களைத்தான் சுழற்றும், அது எனக்குத் தெரிந்ததுதான். இத்தனை நாள் அவை முன்னால் இருந்தன. பின்னால் பெட்டிகள் இழுக்க இழுக்க எஞ்சினின் மூக்கு தூக்கிக்கொண்டு, சுழலும் சக்கரத்தில் பாரமே இல்லாமல் போயிருக்கிறது. திருப்பி வைத்ததும் அந்தச் சக்கரம் பெட்டிகளின் பக்கம் வந்தது, பாரம் முழுவதும் அதன் மேல் உட்கார்ந்தது. கண்ணுக்கு முன்னால் கிடந்த விஷயம், இரண்டு வருடமாக மண்டையில் ஏறவில்லை.

அவன் குரலுக்குக் கீழே இன்னொரு குரல் பதிவும் வந்திருந்தது. சந்தோஷத்தில் நான் அதைத் திறக்கவே இல்லை. மத்தியானம் என் வீட்டுக்காரரின் போன் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

“ஏம்புள்ள, அந்தத் தம்பிக்கு என்ன ஆச்சு? கவுறும் கையுமா ஜீப்ல வந்து நிக்கறாப்ல. வண்டி எங்க நின்னுச்சுன்னு கேக்கறாப்ல. வண்டி ஒரு எடத்துலயும் நிக்கலியே.”

தம்பி, நான் திறக்காத அந்தப் பதிவில் சொல்லியிருந்தபடியே, அரை நாள் லீவு போட்டு, எஸ்டேட் ஜீப்பைக் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டு, எங்கள் லாரியைத் தேடி மலையிறங்கியிருக்கிறான். ஒவ்வொரு மூன்றாவது வளைவிலும் நிறுத்திப் பள்ளத்தில் எட்டிப் பார்த்திருக்கிறான். மறையூருக்கு மேலே ஒரு டீக்கடையில் என் வீட்டுக்காரர் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் லாரி மாம்பழப் பெட்டிகளோடு சமர்த்தாக நின்றது. அது வாழ்க்கையிலேயே ஒரு தடங்கலும் இல்லாமல் மலையேறிய நாள் அது ஒன்றுதான். தம்பி நம்பவில்லை. பானெட்டைத் திறந்து கால் மணி நேரம் தேடி, விட்டுப்போக இருந்த ஒரு ஃபேன் பெல்ட்டைக் கண்டுபிடித்து மாற்றிய பிறகுதான் அவனுக்கு மனசு ஆறியதாம்.

வண்டி என்று நான் எழுதியது ரயிலை. வண்டி என்று அவன் படித்தது லாரியை. பெட்டி என்று நான் எழுதியது ரயில் பெட்டியை, அவன் படித்தது மாம்பழப் பெட்டியை. பழைய லாரிக்கு ரிவர்ஸ் கியரில்தான் பலம் அதிகம், அதனால் அப்படி ஏற்றச் சொன்னானாம். எங்கள் எஞ்சினுக்குக் கியரே கிடையாது. அவன் சொன்ன காரணம் வேறு, எஞ்சின் ஏறிய காரணம் வேறு. போனில் இதைப் பேசிப் பேசி இரண்டு பேரும் சிரித்ததில் எனக்கு வயிறு வலித்துவிட்டது. கல்பாத்திக்காரர் அன்றைக்குச் சட்டம் போட்டதற்கு நியாயமான காரணம் இருக்கிறது என்று அப்போது புரிந்தது. நாங்கள் அந்தச் சட்டத்தை மீறியது எவ்வளவு நல்லது என்பதும் புரிந்தது.

சனிக்கிழமை கல்பாத்திக்காரர் வந்தார். கை கழுவி, கண்ணாடி துடைத்து, மேசைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூன்று முறை ஏற வேண்டும், ஒரு முறை ஏறுவது கணக்கில்லை என்றார். நான் கரண்ட்டைக் கொடுத்தேன். மூன்று முறையும் ஏறியது. அவர் நான்காவது முறையும் ஏற்றச் சொல்லி, எழுந்து குனிந்து பார்த்தார். அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

“எஞ்சின் திரும்பியன்னா நிக்கறது?”

முகம் முன்னால் என்பது அவர் போட்ட விதி. இதை வைத்துச் செல்லாது என்று சொன்னால் என் வாய் அடைத்துப்போகும், நான் இந்த மேசையை விட்டுப் போக வேண்டியதுதான். தம்பி என்னைப் பார்த்தான், நான் மலையைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜன்னல் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதருக்கு உண்மையைச் சொல்வதற்கும் நேரம் தேவைப்படுகிறது.

“மீட்டர் கேஜ் இருந்த காலத்திலே பொள்ளாச்சியிலேர்ந்து திரும்பி வரச்சே, எஞ்சின் முதுகு காட்டிண்டுதான் வரும். அந்த வண்டிக்கு நேரம் போட்டதே நானாக்கும். நான்தான் மறந்துட்டேன்.” பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “மலையும் வரட்டும்.”

அவர் அந்த இரண்டு சொல்லைச் சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மகள் பிறந்த அன்றைக்குத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் காலில் விழுந்திருப்பேன், கோபக்காரி என்ற பேர் கெட்டுவிடுமே என்று டீ போடப் போனேன்.

மறுநாள் வாயனசாலைக் கண்காட்சியில் எங்கள் மேசையைச் சுற்றித்தான் கூட்டம். கீழே நெல்வயலில் ரயில் சுற்றும்போது பேசிக்கொண்டே நிற்பார்கள். மலையில் ஏறத் தொடங்கியதும் பேச்சு நின்றுவிடும். குகைக்குள் போனதும் எல்லோரும் அந்தப் பக்கத்து வாயில் கண்ணை வைப்பார்கள். மூன்றாவது வளைவில் அது கொஞ்சம் தயங்கும் இடத்தில், ஏறும் ஏறும் என்று ஒரு வயதான மலையாளி ஒவ்வொரு முறையும் சொன்னார். ஒவ்வொரு முறையும் ஏறியது. என் நாத்தனார் வந்தாள். முன் வரிசையில் நின்று இரண்டு முறை பார்த்தாள். பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணியிடம், மலையை எங்க அண்ணிதான் கட்டுனாங்க என்று சொன்னதை என் காதால் கேட்டேன். சங்கிலியைப் பற்றி அன்றைக்கு அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நாலரை மணிக்கு எல்லாவற்றையும் பிரித்து லாரியில் ஏற்றினோம். மலைக்குப் பக்கத்தில் பின்னால் தம்பி உட்கார்ந்துகொண்டான். வாயனசாலை வாசல் ஏற்றமாக இருந்ததாலும் அவசரத்தாலும் என் வீட்டுக்காரர் லாரியை முகம் மேலே பார்க்க நிறுத்தியிருந்தார். செல்ஃப் எடுக்காத லாரியை அப்படி நிறுத்தினால் எப்படிக் கிளப்புவது என்று நான் கோபப்பட வாயெடுத்தேன். தம்பி பின்னாலிருந்து சிரித்தான். பின்பக்கமாக உருட்டி, ரிவர்ஸ் கியரிலேயே கிளப்பச் சொன்னான்.

கல்பாத்திக்காரர் எஞ்சின் பெட்டியைக் கையில் பிடித்தபடி லாரியையே பார்த்தார். பந்தயத்தை மறந்துவிடலாமுங்க என்று நான் சொன்னேன், ஆட்டோ ஸ்டாண்டு எதிரிலேயே இருந்தது. உண்மையாகத்தான் சொன்னேன், ஜெயித்துவிட்டால் எனக்குக் கோபம் இருப்பதில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கயிறு கட்டிய கதவுப் பக்கம் ஏற முடியாமல், என் வீட்டுக்காரர் பக்கமாக ஏறி நடுவில் உட்கார்ந்தார். எஞ்சினை மடியில் வைத்துக்கொண்டார். நானும் அதே பக்கமாக ஏறி, அவரைத் தாண்டிக் கட்டிய கதவோரம் உட்கார்ந்தேன். லாரி பின்னால் உருண்டது, உறுமியது, பிடித்துக்கொண்டது.

வழியில் ரயில்வே கேட் ஒன்று உண்டு. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், கேட் போட இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது என்றார். என் வீட்டுக்காரர் முழங்காலைக் கியரில் முட்டுக் கொடுத்தார். தண்டவாளத்தின் மேல் ஏறும்போது கல்பாத்திக்காரர் கண்ணை மூடிக்கொண்டது எனக்குத் தெரியும். நானும் மூடிக்கொண்டேன். இறங்கியதும் இரண்டு பேரும் ஒன்றாகக் கண்ணைத் திறந்தோம்.

கல்பாத்தித் தெருவுக்குள் நுழைய வலது பக்கம் திரும்ப வேண்டும். நான் அதை யோசிக்கவே இல்லை. ஸ்டியரிங் ஒடித்ததும் ஹாரன் அடிக்கத் தொடங்கியது. திருப்பம் குறுகல், நேராக்க நேரம் பிடித்தது, அதுவரை தெருவே அதிரும்படி அடித்தது. வீட்டுக்கு வீடு கதவு திறந்தது, பெண்கள் கோலமாவுக் கையோடு நின்று பார்த்தார்கள். தெரு மொத்தமும் பார்க்கட்டும் என்று அவர் வாயால் சொன்னதைத் தெரு மொத்தமும் செய்தது. அவர் வீட்டு வாசலில் லாரி நின்றது. என் வீட்டுக்காரர் இறங்கி வழிவிட்டார், தம்பி கை கொடுத்தான், அவர் எஞ்சினை அணைத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

எதிர்வீட்டுக்காரர் சட்டையில்லாமல் வாசலுக்கே வந்துவிட்டார். என்ன ஓய், லாரியிலே வந்து எறங்கறீர் என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

கல்பாத்திக்காரர் வேட்டியை இறக்கிவிட்டு, எங்கள் மூவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, எதிர்வீட்டுக்காரரிடம் திரும்பினார்.

“லாரின்னு சொல்லப்படாது ஓய். வண்டின்னு சொல்லும்.”